அலுமினிய எஞ்சினை வீட்டிலேயே பளிச்சென்று ஆக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், தம்பிமார். உப்புவெளியில், கடற்கரைக்குக் கிட்டத்தான் என் வீடு. கார் எஞ்சினின் அலுமினிய டெப்பட் கவரும் (எஞ்சினின் மேல்மூடி) இன்டேக் மேனிபோல்டும் (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) வெள்ளை பூத்து மங்கிப்போய்க் கிடக்கின்றன. உப்புக் காற்றுதான் காரணம் என்று நினைக்கிறேன். மண்ணெண்ணெயும் நைலோன் பிரஷும் போட்டு, எஞ்சின் ஆறியிருக்கும்போது தேய்த்ததில் எண்ணெய்ப் பிசுக்குப் போய்விட்டது. வெள்ளைப் பூப்பு மட்டும் அசையவில்லை.

சிலர் கோஸ்டிக் சோடா போடச் சொன்னார்கள். அது அலுமினியத்தையே அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், ஆகவே வேண்டாம். இரும்புக் கம்பி பிரஷும் சரிவராது. அதன் துகள் அலுமினியத்தில் ஒட்டினால், இந்த உப்புக் காற்றில் அந்த இடம் இன்னும் வேகமாக அரிக்கும்.

பொஸ்போரிக் அமிலம் கலந்த கிளீனரைத் தண்ணீரில் நன்றாக ஐதாக்கிப் பாவித்தவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு நேரம் விட்டுக் கழுவினீர்கள்? ஒல்டர்னேட்டரையும் (மின்சாரம் உண்டாக்கும் பாகம்) வயர் சொக்கெட்டுகளையும் பொலித்தீன் சுற்றி மூடினால் போதுமா, இல்லை கழற்றத்தான் வேண்டுமா? அப்புறம், மெட்டல் பொலிஷ் போட்டபின் சூடு தாங்கும் கிளியர் லக்கர் அடித்தால் கடற்கரைப் பக்கம் எத்தனை மாதம் நிற்கும்? திருகோணமலை டவுனில் எந்தக் கடையில் இவை கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.