துப்பாக்கி ஒலித்த பின் நகர்ந்தாலும் தவறான தொடக்கமா?

கேள்வி: 2022 யூஜின் உலகத் தடகளப் போட்டியின் ஆடவர் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில், டெவன் ஆலன் 0.099 வினாடியில் புறப்பட்டதற்காக வெளியேற்றப்பட்டார். ஒலிக்குப் பிறகே நகர்ந்தவரை நீக்குவது எவ்வாறு நியாயமாகும்?

பதில் 1: ஒலி செவியை அடைந்து, மூளை அதை உணர்ந்து, கால் தசைகள் இயங்கக் குறைந்தது 0.1 வினாடி தேவை என்று விதி கொள்கிறது. அதற்கு முன்பே, வீரர் கால் ஊன்றி உந்தும் தொடக்கக் கட்டையில் அழுத்தம் பதிவானால், வீரர் ஒலியைக் கேட்காமல் ஊகித்தே புறப்பட்டார் என்று கருதப்படுகிறது.

பதில் 2: எல்லை தேவைதான். ஆனால் மனிதரால் 0.1 வினாடிக்குள்ளும் எதிர்வினையாற்ற இயலும் என்று ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டிருக்கும்போது, வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்காக ஒருவரின் இறுதிப்போட்டியையே பறிப்பது மிகக் கொடியது என்பேன்.

பதில் 3: 2010 முதல், முதல் தவறுக்கே வெளியேற்றம் என்பதால்தான் இந்த எல்லை இவ்வளவு வலிக்கிறது. 2011 டேகு (தென் கொரியா) உலகத் தடகளப் போட்டியின் 100 மீட்டர் இறுதியில் உசைன் போல்ட்டும் அவ்விதியால் நீக்கப்பட, யோஹான் பிளேக் 9.92 வினாடியில் வென்றார். இத்தனைக்கும் விரைந்த புறப்பாடு மட்டுமே வெற்றி தருவதில்லை. 2009 பெர்லினில் போல்ட் 9.58 வினாடி உலக சாதனை படைத்தபோது அவருடைய எதிர்வினை நேரம் 0.146 வினாடி.