ஈ அழுத்தப் போய் கியூ அழுத்திய கதை

ப்ராஜெக்ட் ஜாம்பாய்டு என்ற ஜாம்பி கேமை விளையாடுகிறவர்கள், உங்கள் ஆள் கடைசியாக எப்படிச் செத்தார் என்று எழுதுங்கள். ஜெயித்த கதை வேண்டாம். இந்த கேமில் ஜெயிப்பது என்று ஒன்று கிடையாது. நீ செத்த கதை இது என்று முதலிலேயே எழுதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். என் கணக்கில் இதுவரை 30 பேராவது போயிருப்பார்கள். அதிகபட்சமாக ஒருவர் 23 நாள் தாக்குப்பிடித்தார்.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. கணக்குப் பிரிவில் வேலை. இரவு மகள் தூங்கிய பிறகு பத்தரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், கண் சொருகும்வரை. மேலிருந்து சாய்வாகப் பார்க்கிற மாதிரியான படம் என்பதால் என் பழைய லேப்டாப்பும் ஒருவழியாக இழுத்துக்கொண்டு ஓடுகிறது. விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1993 ஜூலை மாதம், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். மல்ட்ரோ, வெஸ்ட் பாயின்ட், லூயிவில் என்று நிஜமாகவே அங்கே இருக்கிற ஊர்கள். ஊர் முழுக்க நடைப்பிணங்கள். நீங்கள் தச்சரோ நர்ஸோ, ஒரு சாதாரண ஆள். துப்பாக்கி கிடைத்தாலும் சுட யோசிப்பீர்கள், ஒரு தோட்டா வெடித்தால் ஒரு தெருவே எழுந்து வரும். பசி, தாகம் எல்லாம் அப்புறம். முதலில் சத்தம்.

அதனால்தான் அந்த கியூ பட்டன் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

11-ஆவது நாள். ஆள் தச்சர். ஒரு மாடி வீட்டின் கீழ் ஜன்னல்களைப் பலகை அடித்து மூடி, தப்பிக்க மாடி ஜன்னலில் துணிக்கயிறு கட்டி, கௌரவமாகவே வாழ்ந்துகொண்டிருந்தார். சாப்பாட்டு டப்பாக்கள் தீர்ந்துவிட்டன. மல்ட்ரோவில் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் பின்பக்கமாகக் குனிந்தபடியே போனேன். வாசலில் நாலைந்து பேர் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். ஜன்னலைத் திறக்க ஈ பட்டன். நான் விளக்கைப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். என் கீபோர்டில் வெளிச்சம் கிடையாது. நடப்பதற்கான டபிள்யூ பட்டனுக்கு இந்தப் பக்கம் ஈ, அந்தப் பக்கம் கியூ.

கியூ எதற்கென்றால், கத்துவதற்கு. ஜாம்பிகளை வேண்டுமென்றே ஓர் இடத்துக்கு வரவழைக்க விரும்பினால் கூப்பிடலாம். குனிந்திருந்தால் கிசுகிசுப்போடு போயிருக்கும். நான் ஜன்னல் உயரத்துக்கு நிமிர்ந்துவிட்டிருந்தேன். ஆள் தெருவே கேட்கும்படி கூப்பாடு போட்டார்.

அதற்குப் பிறகு செய்தது எல்லாமே தப்பு. ஜன்னல் பூட்டியிருந்தது, உடைத்தேன். சட்டத்தில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் துண்டுகளை அகற்றாமல் ஏறினால் கை கிழியும் என்பது தெரிந்த விஷயம்தான், ஏறினேன். கிழிந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட சமையலறைக்குள் குதித்தால், அங்கே குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ஜாம்பி நகத்தால் கீறினால் நோய் தொற்ற 7 சதவீத வாய்ப்பு, தோல் ஆழமாகக் கிழிந்தால் 25 சதவீதம். கடித்தால் நூறு. எனக்கு முன்கையில் கடி.

எப்படியோ தப்பித்து வீட்டுக்கு ஓடி வந்தேன். இங்கேதான் என் கணக்குக்காரப் புத்தி வேலை செய்தது. ஆள் செத்தாலும் உலகம் அப்படியே இருக்கும், அதே உலகத்தில் புது ஆளாகத் தொடங்கலாம். எனவே காய்ச்சல் ஏற ஏற, அந்தத் தச்சரை வைத்து வீட்டைப் பிரித்து அடுக்கினேன். ஆணி, சுத்தியல் ஒரு பெட்டியில், மருந்து குளியலறையில், விதைகள் தனியாக. அடுத்து வருபவர் கஷ்டப்படக்கூடாது. நிஜ வீட்டில் என் அலமாரியைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். கடைசியில் மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வைத்தேன்.

அடுத்த இரவு புது ஆள், ஒரு நர்ஸ். ஊரின் மறுகோடியில் கண்விழித்தார். வழியெல்லாம் பதுங்கிப் பதுங்கி அந்த வீட்டுக்கு வர எனக்கு நிஜத்தில் முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. கோடரியும் பெரிய முதுகுப்பையும் மட்டும் இல்லை. யோசித்துப் பார்த்தேன். பையைக் கழற்றி வைக்கவே மறந்திருக்கிறேன்.

மாடிப்படியில் கால் வைத்ததும், சாத்திய கதவை உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம்.

11 நாளுக்கும் மேலாக நான் நடத்திக்கொண்டு போன ஆள். நான் தேர்ந்தெடுத்துப் போட்ட மஞ்சள் சட்டை. கையில் நான் கட்டிய கட்டு. முதுகில் என் பை. நர்ஸிடம் இருந்தது ஒரு தோசைக்கல் சைஸ் வாணலி. கதவு ரொம்ப நேரம் தாங்காது என்று தெரியும், ஆனாலும் ஒரு நிமிடம் எதையும் அழுத்தாமல் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். பை கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதை எழுதப் பிடிக்கவில்லை.

சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

* * *

அண்ணா, மஞ்சள் சட்டையைப் படித்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் தம்பியோடு மட்டும்தான் விளையாடுவேன். அவன் வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். சனிக்கிழமை இரவு இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்க இந்த கேம் ஒரு சாக்கு. ஜாம்பி அடிப்பதைவிட அம்மாவின் முழங்கால் வலி, அவன் வாடகை வீட்டுப் பஞ்சாயத்து என்றுதான் பாதி நேரம் போகும்.

எங்களுக்கு நடந்தது ஹெலிகாப்டர். முதல் வாரம் முடிகிற சமயத்தில், 6-லிருந்து 9 நாளுக்குள் ஒருமுறை ஊருக்கு மேல் ஹெலிகாப்டர் வரும். கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும். நம்மைத் தேடிச் சுற்றும், நாம் போகிற பக்கமெல்லாம் வரும், அந்தச் சத்தத்துக்குச் சுற்றுவட்டார ஜாம்பியெல்லாம் நம் பக்கம் திரும்பும். இது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. தம்பி கேட்டான், “அக்கா, உங்க வீட்டு மேல ஹெலிகாப்டர் போகுதா?” நான் எழுந்து பால்கனிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்! திரும்பி வந்து உட்கார்ந்தால் என் திரையிலும் அதே சத்தம்.

“காப்பாத்த வந்துட்டாங்க” என்று சொல்லிக்கொண்டு அவன் நடுரோட்டுக்கு ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன், அக்கா இல்லையா. பத்து நிமிடத்தில் வெஸ்ட் பாயின்ட்டின் பாதி ஜனத்தொகை எங்கள் பின்னால். ஓட ஓட மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் அடியில் வலு இருக்காது. ஒளிய ஒரு வீட்டு ஜன்னலைத் திறந்தேன், அந்த வீட்டில் திருட்டு அலாரம். மேலே ஹெலிகாப்டர், உள்ளே அலாரம். தம்பி முதலில் போனான். செத்த பிறகும் லைனில் இருந்துகொண்டு, “இடது பக்கம் போ, இடது பக்கம் போ” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இடது பக்கம்தான் வேலி.

இப்போதெல்லாம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து புத்தகம் படிக்க வைத்துவிடுவேன். அது போகும்வரை குடும்பக் கதை பேசுவோம்.

* * *

என்னுடையது நாலு வரிக் கதை. கேமில் முதல் 30 நாளுக்குள் என்றாவது கரண்ட் நின்றுவிடும். ஜெனரேட்டரை ஓட்ட வேண்டுமென்றால் அதைப் பற்றிய பத்திரிகை ஒன்றைத் தேடிப் படித்திருக்க வேண்டும். அதற்காக மூன்று பேரைப் பலிகொடுத்து, நாலாவது ஆள் கண்டுபிடித்தார். மழையில் நனையுமே என்று ஜெனரேட்டரைக் கூடத்தில் வைத்து, விளக்கெரிகிற வீட்டில் நிம்மதியாகத் தூங்கினார். எழுந்திருக்கவில்லை. புகை. ஜாம்பி ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை. நான் கடை வைத்திருப்பவன். என் கடை ஜெனரேட்டர் 15 வருடமாக வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது.

* * *

திட்டினாலும் பரவாயில்லை, ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தினமும் விளையாடி முடித்ததும் சேவ் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து வைத்துவிடுவேன். இந்த கேம் போகப் போகத் தானே சேமித்துக்கொள்ளும், பின்னால் போக வழி கிடையாது, செத்தால் செத்ததுதான். எனக்கு வாரத்துக்கு இரண்டு இரவுதான் கிடைக்கிறது. ஒரு மாதம் வளர்த்த ஆள் படிக்கட்டில் ஒரு கடியில் போனால் மனசு தாங்கவில்லை.

காப்பி எடுப்பது கோழைத்தனம் என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். இந்த கேமை உருவாக்கிய இன்டி ஸ்டோன் சின்னக் குழு. 2011-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் அவர்கள் இருந்த வீட்டில் திருடன் புகுந்து இரண்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். புதிதாக எழுதிய நிரலெல்லாம் அதில்தான் இருந்தது, வேறெங்கும் சரியான பிரதி இல்லை. அத்தனை வேலையும் போயிற்று. போன இடத்திலிருந்து மறுபடி எழுதி, 2013 நவம்பரில் கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்னும் முடிந்தபாடில்லை, 42-ஆவது பதிப்பு 2024 டிசம்பரில் சோதனை வடிவில் வந்து, ஆடு மாடு வளர்க்கவெல்லாம் விட்டிருக்கிறார்கள். ஆக, கேம் எழுதியவர்களே பட்டுத் தெரிந்துகொண்ட விஷயத்தை நான் கொஞ்சம் முன்னெச்சரிக்கையாகச் செய்கிறேன், அவ்வளவுதான்.

* * *

திரி போட்டவன் மறுபடியும்.

காப்பி எடுப்பதை நானும் ஒருமுறை முயன்றேன். அன்றைக்கு ஜாம்பிக் கூட்டத்துக்குள் தைரியமாகப் போய் வந்தேன், ஆனால் கதவு திறக்கும்போது வயிற்றைப் பிசைகிற அந்த உணர்வு வரவே இல்லை. அதனால் விட்டுவிட்டேன். வாரம் இரண்டே இரவு கிடைக்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஜெனரேட்டர்காரருக்கு என் அனுதாபம். அக்காவும் தம்பியும் இந்தக் கதையை இன்னும் விரிவாக எழுத வேண்டும், அந்த வாடகை வீட்டுப் பஞ்சாயத்தையும் சேர்த்து.

கியூவை வேறு பட்டனுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தெரியும். ஆனால் சமயத்தில் அது தேவைப்படுகிறதே. மகளின் ஸ்டிக்கர் தாளிலிருந்து நட்சத்திரம் ஒன்றைப் பிய்த்து அந்தப் பட்டன் மேல் ஒட்டிவிட்டேன், இருட்டில் விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது. காலையில் அவள் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. மீதி இருந்த நட்சத்திரங்களை எல்லாப் பட்டன்களிலும் ஒட்டி வைத்திருக்கிறாள்.

நர்ஸுக்கு இன்று 7-ஆவது நாள். திரைச்சீலையெல்லாம் இழுத்துவிட்டாயிற்று.