தோரியம் ரேஷியோ 1-க்கு கீழ வருது, எங்க தப்பு பண்றேன்?

கல்லுடைப்பான்:
ஒரு வாரமா மண்டை காயுது. கிழக்கு பசிபிக் முகட்டுல (கடலடியில புது தரை உருவாகுற மலைத்தொடர்), 9 டிகிரி 50 நிமிஷம் வடக்குல அள்ளுன பசால்ட் கண்ணாடி (எரிமலைக் குழம்பு சட்டுனு குளிர்ந்து உறைஞ்சது) நாலு சாம்பிள். மூணுல தோரியம்-230 / யுரேனியம்-238 ஆக்டிவிட்டி ரேஷியோ (அணு சிதையுற வேகத்தோட விகிதம்) 1.15 பக்கம், நாலாவது மட்டும் 0.94. மறுபடி கரைச்சு ஓட்டியும் அதே. கைடு "கல்லு பழசா இருக்கும்பா"ன்னு முடிச்சுட்டார். ஸ்பைக் (அளவு தெரிஞ்சு சேர்க்குற ஐசோடோப் கரைசல்) தப்பா இருக்குமோ?

தோரியம்தாத்தா:
ஒரே ஸ்பைக்னா நாலும் சேர்ந்துல்ல நகரணும் தம்பி. பழசுங்குறதும் இடிக்குது. யுரேனியம்-238 சிதைஞ்சு சிதைஞ்சுதான் தோரியம்-230 வருது, ரெண்டும் ஒரே வேகத்துல சிதைஞ்சா ரேஷியோ 1. ஆழத்துல கல்லு உருகும்போது கார்னெட்ங்குற கனிமம் யுரேனியத்த கொஞ்சம் பிடிச்சு வச்சுக்குது, தோரியம் குழம்போட மேல வந்துடுது, அந்த 15 சதவீத அதிகம் அதனாலதான், தோரியம்-230ஓட அரை ஆயுள் சுமார் 75,600 வருஷம்ங்குறதால அது தேய்ஞ்சு தேய்ஞ்சு மூணரை லட்சம் வருஷத்துல 1-ல வந்து நின்னுடும், அதுக்கு கீழ இறங்காது. அப்போ யுரேனியம் வெளிய இருந்து ஏறியிருக்கு. யுரேனியம்-234 / 238 எவ்ளோ?

கல்லுடைப்பான்:
1.03 சார். எரர்னு விட்டுட்டேன்..

தோரியம்தாத்தா:
அடப்பாவி, அதுதான்யா திருடனோட கைரேகை! கெடாத கல்லுல அது 1, கடல்தண்ணியில சுமார் 1.15. கணக்கு போட்டு பாரு, 1.15 வந்து 0.94 ஆக யுரேனியம் 22 சதவீதம் கூடணும், அத்தனையும் கடல் யுரேனியம்னா 234 / 238 சரியா 1.03 கிட்ட வரும்.

சில்லுபொறுக்கி:
மைக்ரோஸ்கோப்புல வச்சு கறுப்பா பளபளன்னு இருக்குற சில்லு மட்டும் எடுங்க, ஓரத்துல தேன் கலர்ல மங்கலா தோல் மாதிரி இருந்தா அது பாலகொனைட், கண்ணாடி தண்ணியில ஊறி மாறுனது, தூக்கி போட்டுடுங்க. அப்புறம் நேர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து அலசணும். மாங்கனீஸ் கறைய விட்டுடாதீங்க, அது தண்ணியில இருக்குற தோரியம்-230ஐ இழுத்து ஒட்டிக்கிட்டு ரேஷியோவ மேல தூக்கிடும். கழுத்து வலிக்கும், வேற வழி இல்ல (நான் ரெண்டு நாள் பொறுக்கி அரை கிராம்தான் தேத்துனேன்).

கல்லுடைப்பான்:
பொறுக்கி அலசி ஓட்டுனேன், 1.12! 234 / 238 பக்கா 1.00. ஆனா ரேடியம்-226 / தோரியம்-230 மத்த மூணுல 2-க்கு மேல, இதுல மட்டும் 1.0. இது என்ன புது தலைவலி?

தோரியம்தாத்தா:
தோரியம்-230 சிதைஞ்சு வர்ற ரேடியத்துக்கு அரை ஆயுள் 1,600 வருஷம்தான், 8,000 தாண்டுனா அதிகம்னு எதுவும் மிஞ்சாது. சாம்பிள் எங்க அள்ளுனது?

கல்லுடைப்பான்:
இப்பதான் லேபிள் பாத்தேன், முகட்டு நடுவுல இருந்து 1 கிமீ தள்ளி.

தோரியம்தாத்தா:
அங்க தரை ஒரு பக்கத்துக்கு வருஷம் 5.5 செமீ நகருது, அப்போ சுமார் 18,000 வருஷம், உன் 1.12-ம் அதுக்கு பொருந்துது. கைடு சொன்னது பாதி சரிதான், போய் சொல்லிடு.