கீரிப்பிள்ளை கதை: குடம் விழும் இடத்தை எப்படிச் சொல்வது?

ஓலைப்பெட்டி:
நூலகக் கதை நேரத்தில் 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்குக் கீரிப்பிள்ளை கதை சொல்ல வேண்டும். பாம்பைக் கொன்று குழந்தையைக் காப்பாற்றிய கீரியை, குழந்தையைக் கடித்துவிட்டது என்று நினைத்துத் தாய் அதன் மேல் குடத்தைப் போடும் இடம் வந்தால் சில பிள்ளைகள் அழுகிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள். கீரி பிழைத்துக்கொண்டது என்று முடித்துவிடலாமா? இந்தக் கதைக்கு எத்தனை வடிவங்கள் இருக்கின்றன?

மூங்கில்தட்டி:
பிழைக்க வைக்காதீர்கள். கீரி எழுந்து உட்கார்ந்துவிட்டால் கதையில் மிச்சம் எதுவுமே இல்லை. அழுகிற பிள்ளைகளுக்குக் கதை சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது, விடுங்கள்.

சிரிப்பு வருவது சத்தத்தால். ‘டமால்’ என்று கையைத் தட்டினால் அது பொம்மைப் படச் சண்டை ஆகிவிடும். குடத்துக்குக் குரலே கொடுக்காதீர்கள். “குடத்தைக் கீழே போட்டாள்” என்று சாதாரணக் குரலில் சொல்லி, மூன்று நொடி நிறுத்தி, உடனே தொட்டிலுக்குப் போய்விடுங்கள்.

வரிசைதான் முக்கியம். முதலில் பாம்பு, அடுத்து சண்டை, அப்புறம் வாயில் ரத்தத்தோடு கீரி வாசலுக்கு ஓடுவது. தாய் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். அவளுக்குத் தெரியாதது கேட்பவருக்குத் தெரிந்திருந்தால்தான் “வேண்டாம்மா!” என்று பிள்ளைகள் கத்துவார்கள். பாம்பைக் கடைசியில் காட்டினால் வெறும் திருப்பமாகப் போய்விடும்.

ஏட்டுச்சுவடி:
பஞ்சதந்திரத்தில் இது ஐந்தாம் தந்திரத்தில், அதாவது ஐந்தாம் பகுதியில் வருகிறது. அங்கே குடத்தைப் போடுவது தாய். ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள் என்று அவள் சொல்லிவிட்டுப் போன கணவன் பிச்சைக்குக் கிளம்பிப் போயிருப்பான், அவள் கடைசியில் அவன் பேராசையைத்தான் சாடுவாள். ஹிதோபதேசம் என்ற வடமொழிக் கதைநூலில் கொல்பவனே கணவன். நம் வாய்மொழியில் கணவனின் பங்கு கழன்றுபோய்ப் பழி முழுக்கத் தாய் தலையில் விழுந்துவிட்டது. அவனையும் கதைக்குள் கொண்டுவாருங்கள், ஒரு வாக்கியம் போதும்.

சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையில் இதன் பின்கதையே இருக்கிறது. கீரியைக் கொன்றவளை விட்டுக் கணவன் வடக்கே போய்விடுகிறான். அவன் எழுதிக்கொடுத்த வடமொழி ஏட்டை வைத்துக்கொண்டு அவள் வணிகர் தெருவில் வீடு வீடாக அலைகிறாள். கோவலன் கூப்பிட்டு விசாரித்து, பாவம் தீரத் தானம் செய்து, கணவனையும் சேர்த்துவைத்துப் பொருள் கொடுக்கிறான். மாடலன் என்ற அந்தணன் கோவலனிடமே சொல்லும் புகழ்ச்சி இது. இறந்த கீரியைத் தொடாமலே ஆறுதலான முடிவு வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம்.

மூங்கில்தட்டி:
9 வயதுக்குள் அது வேண்டாம். ஏடு, தானம், பாவம் என்று விளக்கிக்கொண்டே போனால் கீரி மறந்துபோகும். பத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அருமையாக இருக்கும்.

வேலிப்பருத்தி:
சண்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். கீரி மயிரைச் சிலிர்த்து உடம்பைப் பெரிதாகக் காட்டும், பாம்பு சீறிக் கொத்த வரும்போதெல்லாம் விலகும், பாம்பு களைத்ததும் அதன் தலையைக் கவ்வும். இவ்வளவு போதும். விஷத்தை அது ஓரளவு தாங்கும் என்றாலும் அதைக் காப்பாற்றுவது வேகம்தான். ஓடிப்போய் மூலிகை தின்றுவிட்டு வரும் என்பதெல்லாம் நம்பிக்கை, அதை நடந்ததுபோலச் சொல்ல வேண்டாம்.

முடித்தவுடன் “என்ன கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் “அவசரப்படக் கூடாது” என்பார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். “கீரி ஏன் தொட்டில்கிட்டயே இருக்காம வாசலுக்கு ஓடிச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்குத்தான் ஆளுக்கொரு பதில் வரும்.