ஆமை நடைக்குத் துணை வேண்டும்

வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் இருப்பவன் நான். வரும் ஜனவரியிலிருந்து, டயாலிசிஸ் இல்லாத சில இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஆமை நடை போகப் போகிறேன். அதாவது, கடற்கரையோரம் நடந்து, கடல் ஆமை இட்ட முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்ப்பது. டாக்டர் சரி என்றுவிட்டார். வீட்டில்தான் இன்னும் முறைப்பு.

நடக்கும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நண்பர்கள் தரும் பணம், பங்குனி ஆமை முட்டைகளைக் காக்கும் பொரிப்பகத்துக்கு. ஒரு குழியில் நூறு முட்டைக்குப் பக்கம் இருக்கும். குஞ்சு வெளிவர ஒன்றரை மாதம். அதுவரை நாய் தோண்டாமல் வேலி, வலை வேண்டும்.

ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) போட்ட இடது கையால் கனம் தூக்கக்கூடாது. முட்டைப் பையைச் சுமக்க யாராவது கூட வர முடியுமா? அப்புறம், பணத்தை என் கணக்கில் வாங்க மனமில்லை. நேராகப் பொரிப்பகத்துக்கே போய்ச்சேர வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வருபவர்கள் தண்ணீர் கொண்டுவந்துவிடுங்கள், எனக்கு நாளுக்கு ஒரு லிட்டர்தான் அளவு. பங்கு கேட்டால் சண்டை வரும்!