ஹேங்கரில் நிற்கும்போதே ஈஎல்டி தானாக ஆன் ஆகிறது: எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

வால்பக்கம்172:
செஸ்னா 172, அமெரிக்கப் பதிவு. வால் பகுதியில் 406 மெகாஹெர்ட்ஸ் ஈஎல்டி (விபத்து நடந்தால் தானாக அவசர சிக்னல் அனுப்பும் கருவி). விமானம் ஹேங்கரில் சும்மா நிற்கும்போதே ஆன் ஆகிவிடுகிறது. பேனல் விளக்கு மினுக்குகிறது, பஸ்ஸர் கத்துகிறது, ரேடியோவில் அவசர அலைவரிசையான 121.5 வைத்தால் மேலிருந்து கீழே இறங்கும் அந்த ஊளைச் சத்தம். பேனல் சுவிட்சை ஆன் தள்ளி ஆர்ம் என்ற தயார் நிலைக்குக் கொண்டுவந்தால் அடங்குகிறது. மழை பெய்த மறுநாள் மறுபடி ஆரம்பம். பேட்டரியில் எழுதியிருக்கும் தேதி தாண்டவில்லை. மோதலை உணர்ந்து யூனிட்டை ஆன் செய்யும் ஜி-சுவிட்ச் போய்விட்டதா? பேட்டரி மாற்ற வேண்டுமா? யூனிட்டைப் பழுதுக்கு அனுப்பினால் அதுவரை பறக்கலாமா?

ஏவியானிக்ஸ் பெஞ்ச்:
பழுதைத் தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை. 406 யூனிட் ஆன் ஆகிச் சுமார் 50 விநாடி கழித்துத்தான் முதல் 406 சிக்னல் போகும். அதற்குள் நிறுத்தியது உறுதியானால் பிரச்சினை இல்லை. தாண்டியிருந்தாலோ, எப்போது ஆன் ஆனது என்றே தெரியாவிட்டாலோ, சாட்டிலைட்டுக்குப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தினால் மட்டும் அந்த எச்சரிக்கை ரத்தாகிவிடாது. ஃப்ளோரிடாவின் டின்டால் தளத்தில் உள்ள விமானப்படை மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கு, இல்லையென்றால் விமானிகளுக்குத் தகவல் தரும் ஃப்ளைட் சர்வீஸுக்கு, போன் பண்ணி யூனிட்டின் அடையாளமான 15 எழுத்து ஹெக்ஸ் ஐடியையும் விமானம் நிற்கும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். இந்த யூனிட்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அமைப்பான நோவாவில் பதிவு சரியாக இருந்தால் பெரும்பாலும் அவர்களே முதலில் உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள். யாருமே கூப்பிடவில்லை என்றால் பதிவையும் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பழைய போன் நம்பர் இருந்தால் பயனில்லை.

இனி பழுது. மழைக்கு அப்புறம்தான் வருகிறது என்பதால் ஜி-சுவிட்சை விட ரிமோட் வயரிங்மேல்தான் எனக்குச் சந்தேகம். பல மாடல்களில் பேனலிலிருந்து வரும் ஆன் கம்பி கிரவுண்டைத் தொட்டாலே யூனிட் ஆன் ஆகிவிடும். கனெக்டரில் பச்சைப் பூஞ்சை மாதிரி துரு, ஒரு சொட்டு ஈரம், அவ்வளவு போதும். ஆன்டெனா அடிப்பாகத்தின் சீலன்ட் வெடித்திருந்தால் தண்ணீர் கோஆக்ஸ் என்ற ஆன்டெனா கேபிள் வழியாகவே வழிந்து யூனிட்டின் தலைக்கு வந்துவிடும். சீலன்டைப் புதுப்பித்து, யூனிட்டுக்கு முன்னால் கேபிளைக் கொஞ்சம் தொங்கலாக வளைத்து விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பிரித்துப் பார்க்கும்போது பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ரிமோட் கனெக்டரைக் கழற்றினேன், அடங்கிவிட்டது, ஆகவே வயரிங்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆர்டெக்ஸ் எம்ஈ406 போன்றவற்றில் ஜி-சுவிட்சுக்கான லூப்பே அந்தக் கனெக்டரில், 5, 12 பின்களுக்கு நடுவில் இருக்கிறது. கழற்றினால் ஜி-சுவிட்சும் சேர்ந்து செயலிழக்கும், அதனால் அந்த அமைதி எதையும் நிரூபிக்காது. 5-12 பின்களை இணைக்கும் ஜம்பர் மட்டும் போட்டு, ஆன்டெனா இடத்தில் சிக்னலை வெளியே விடாத 50 ஓம் டம்மி லோடு மாட்டி, மூடிய தகரப் பெட்டிக்குள் வையுங்கள். பக்கத்தில் 121.5 கேட்கும் ஹேண்ட்ஹெல்டோடு ஒருவர் இருக்கட்டும். அப்போதும் ஆன் ஆனால் யூனிட்டுக்குள் கோளாறு, ஆகவில்லையென்றால் வயரிங் அல்லது பேனல் சுவிட்ச். டெலிபோன் மாதிரி ஆர்ஜே11 கேபிள் வரும் மாடல்களில் இந்தச் சிக்கல் இல்லை, கேபிளை உருவினாலும் யூனிட் ஆர்மிலேயே இருக்கும்.

லாக்புக்_சுந்தர்:
பேட்டரி கேள்விக்கு. மேலே எழுதியிருக்கும் தேதி மட்டும் கணக்கில்லை. அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் விதி 91.207-படி எல்லாம் சேர்த்து 1 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தாலே மாற்ற வேண்டும். ராத்திரி எவ்வளவு நேரம் கத்தியது என்று தெரியாதபோது தாண்டிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஈ406-ல் செல்ஃப் டெஸ்ட் பண்ணும்போது விளக்கு ஒருமுறை மினுக்கினால் நலம். 3 என்றால் ஆன்டெனா அல்லது கோஆக்ஸ், 6 என்றால் அந்த 5-12 லூப் இல்லை, 7 என்றால் பேட்டரி நேரம் முடிந்தது. உங்கள் மாடலுக்கு வேறு எண்ணாக இருக்கலாம், மேனுவலைப் பாருங்கள்.

மாற்றும்போது பேட்டரி வயர் மூடிக்கு அடியில் நசுங்காமல் பார்க்கவும். 2013 ஜூலையில் ஹீத்ரோவில் நிறுத்தி வைத்திருந்த எத்தியோப்பியன் 787-ல் பிடித்த தீக்கு, ஈஎல்டி பேட்டரி வயர்கள் அப்படி மாட்டிக்கொண்டதுதான் காரணமாக விசாரணையில் சொல்லப்பட்டது. திரும்ப மாட்டும்போது அம்புக்குறி மூக்குப் பக்கம், பட்டை இறுக்கமாக. 2010-ல் அலாஸ்காவில் முன்னாள் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் இறந்த விபத்தில், ஈஎல்டி ட்ரேயிலிருந்து பிய்ந்து ஆன்டெனாவோடு தொடர்பு அறுந்திருந்தது. வெல்க்ரோ பட்டையாக இருந்தால் உலோகப் பட்டைக்கு மாறுவது நல்லது.

வால்பக்கம்172:
நன்றி. மாட்டிய பிறகு விமான ரேடியோவில் 121.5 கேட்டால் போதுமா?

ஏவியானிக்ஸ் பெஞ்ச்:
போதாது. விமான ரேடியோ அவ்வளவு கூர்மையானது, கோஆக்ஸ் கழன்றிருந்தாலும் அதற்குக் கேட்கும். மலிவான ஏஎம் ரேடியோவை ஆன்டெனாவிலிருந்து 6 அங்குலத்தில் பிடியுங்கள். டயல் எங்கே இருந்தாலும் சத்தம் வந்தால் ஆன்டெனா உண்மையிலேயே ஒலிபரப்புகிறது என்று அர்த்தம். இந்தச் சோதனை ஒவ்வொரு மணியின் முதல் 5 நிமிடத்துக்குள், மூன்று ஊளைக்கு மேல் போகாமல். 406 யூனிட்டில் மேனுவல் சொல்லும் செல்ஃப் டெஸ்ட் முறை மட்டுமே, சுவிட்சை ஆனில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

ராம்ப்_கேள்வி:
ஆர்ம் பண்ணாமல் அப்படியே விட்டுவிட்டுப் பறந்தால் என்ன? யூனிட் உள்ளேதானே இருக்கிறது.

லாக்புக்_சுந்தர்:
அது கூடாது. யூனிட் இல்லாமல் பறக்க விதி தரும் 90 நாள் சலுகை, பழுதுக்கோ மாற்றுவதற்கோ யூனிட்டைக் கழற்றிய விமானத்துக்குத்தான். கழற்றிய தேதி, தயாரிப்பு, மாடல், சீரியல் நம்பர், காரணம் எல்லாம் லாக்கில் ஏற வேண்டும். ஈஎல்டி பொருத்தப்படவில்லை என்ற பலகை பைலட் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பயிற்சிப் பறப்பு மட்டும் என்றால், கிளம்பிய நிலையத்திலிருந்து 50 நாட்டிகல் மைலுக்குள் ஈஎல்டி இல்லாமலே விதி இடம் கொடுக்கிறது. சட்டம் விட்டாலும் மலைப்பக்கம் போவதாக இருந்தால் ஜிபிஎஸ் உள்ள பிஎல்பி (ஆள் கூடவே வைத்துக்கொள்ளும் அவசர பீக்கன்) ஒன்றைப் பையில் அல்ல, உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.

மாற்று யூனிட் செகண்ட் ஹேண்டாக வாங்குகிறவர்களுக்கு: கனடாவிலிருந்து வந்ததில் நாட்டுக் குறியீடு 316 ஆக இருக்கும், அமெரிக்காவுக்கு 366. மறுபடி கோட் பண்ணாமல் மாட்டினால் எச்சரிக்கை அந்த நாட்டுப் பதிவேட்டைத்தான் தேடிப் போகும். அமெரி-கிங் ஏகே-450, 451 என்றால் இறங்காதீர்கள், 2017-ல் எஃப்ஏஏ அவற்றுக்கு ஏடி (கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு) போட்டிருக்கிறது.