ஈரடி எஞ்சினில் ‘ஏர் லீக்’: கசிவா, நுழைவா, கள்ளமா?

டொங்காட் (தென்னாப்பிரிக்கா, டர்பன் அருகே கடற்கரை ஊர்), தமிழ் வகுப்பு ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை வகுப்புத் தாள் அச்சுக்குப் போக வேண்டும், அதற்குள் ஒரு சொல் தேவை. எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகள் ஆளுக்கொரு தொழிற்குறிப்பு எழுதுகிறார்கள். ஒரு பையன் அவன் அப்பா கரும்புத் தோட்டத்துக்காக வாங்கிய குவாட் பைக்கைப் பற்றி எழுதியிருக்கிறான். பழைய ஈரடி (டூ ஸ்ட்ரோக்) எஞ்சின், 200 சிசி வாக்கில், காற்றால் குளிர்வது. ஜோஹன்னஸ்பர்க்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை பக்கியில் (சின்ன லாரி) ஏற்றிக் கொண்டுவந்தார்கள், இங்கே வந்ததிலிருந்து மக்கர். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஆக்சிலேட்டரைத் திறந்தால் திணறுகிறது, விட்டால் வேகம் உடனே இறங்காமல் மேலேயே நிற்கிறது. பிளக்கைக் கழற்றினால் முனை வெள்ளை வெளேரென்று இருக்கிறதாம்.

அவன் எழுதியதில் பக்கத்துக்குப் பக்கம் “ஏர் லீக்” வருகிறது. அதைக் “காற்றுக் கசிவு” என்று மாற்றினேன், அவன் ஒப்புக்கொள்ளவில்லை. “டீச்சர், காற்று வெளியே போகவில்லை, உள்ளே வருகிறது” என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என்ன போடலாம்?

லெனேசியா, மெக்கானிக்:

டீச்சர், சொல் அப்புறம். முதலில் அந்த வண்டியை ஓட்ட வேண்டாம் என்று பையனின் அப்பாவிடம் சொல்லுங்கள். பிளக் வெளுத்தால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை என்று அர்த்தம். அப்படியே முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும், பிறகு போரிங், புது பிஸ்டன் என்று செலவு எங்கேயோ போகும்.

காரணம் இரண்டு இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி உங்கள் கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் எங்களில் பல பேர், பெட்ரோலை அளந்து விடுகிற துளையான மெயின் ஜெட்டைச் சிறிதாக்கித்தான் ஓட்டுகிறோம். அதே ஜெட்டோடு கீழே இறக்கினால் காற்று கூடிவிடும், பெட்ரோல் போதாது. இது ஒன்று. இன்னொன்று நீங்கள் கேட்கிற ஏர் லீக். காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் வெடித்திருக்கலாம், கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கிற ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம், சிலிண்டர் அடி கேஸ்கெட் போயிருக்கலாம்.

வேகம் இறங்காமல் நிற்பது ஏர் லீக்கின் குணம்தான், ஆனால் ஆக்சிலேட்டரை விட்டிருக்கும்போது பெட்ரோல் கொடுக்கிற பைலட் ஜெட் அடைத்திருந்தாலும் அப்படித்தான் செய்யும். ஆகவே பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, புதிதாக எண்ணெய் கலந்து ஊற்றி, கார்புரேட்டரைக் கழுவிவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் சரியாகவில்லையென்றால் ஐட்லிங்கில் வைத்து, அந்த ரப்பரைச் சுற்றி கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சமாக அடிக்கட்டும். எஞ்சின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். சைலன்சர் சூடாக இருக்கும், அந்தப் பக்கம் அடிக்கக்கூடாது, தீப்பிடிக்கும். கடைசிச் சோதனை: உள்வாயையும் புகைவாயையும் அடைத்து, 6 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று ஏற்றி, 6 நிமிடம் நிற்கிறதா பாருங்கள். நிற்கவில்லையென்றால் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் காட்டிக்கொடுக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, உங்கள் மாணவன் சொல்வது சரி, அவனை என் சார்பில் பாராட்டுங்கள். கசிதல் என்றாலே ஈரம். சுவர் கசியும், மண் கசியும், கண் கசியும். நம் கோயில்களில் பாடுகிறோமே, “காதலாகிக் கசிந்து” என்று, சம்பந்தர் அடுத்த சொல்லிலேயே கண்ணீரைக் கொண்டுவந்துவிடுகிறார். உள்ளே இருப்பது நெகிழ்ந்து புறத்தே தோன்றுவதுதான் கசிவு. ஈரமும் இல்லாத, புறத்திலிருந்து அகத்துக்குப் போகிற காற்றுக்கு அந்தச் சொல் எந்த வகையிலும் பொருந்தாது.

காற்றை அது வரும் திசையால் பெயரிட்டவர்கள் நாம். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல். ஆக, இந்தக் காற்றையும் அது செய்கிற செயலைப் பார்த்து, வருகிற வழியைப் பார்த்துப் பெயரிட வேண்டும். என் பரிந்துரை “நுழைகாற்று”. வினைத்தொகை. நுழைந்த, நுழைகின்ற, நுழையும் என்று மூன்று காலமும் அதில் அடங்கும். நேற்று நுழைந்தது, இன்றும் நுழைகிறது, சரிசெய்யாவிட்டால் நாளையும் நுழையும், பழுதின் இயல்பையே சொல் சொல்லிவிடுகிறது. ஒரு வேண்டுகோள், வினைத்தொகையில் வல்லினம் மிகாது. “நுழைக்காற்று” என்று அச்சேறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்லாங்கா:

காற்றுப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். உள்நாட்டு மலைப்பக்கத்திலிருந்து நம் கடற்கரைக்கு வெக்கையாக இறங்குகிறதே, ‘பெர்க் விண்ட்’, அதற்கு என்ன சொல்லலாம்? திசைப்படி பார்த்தால் கோடை என்றே சொல்லிவிடலாமா? ஆனால் அது இங்கே குளிர்காலத்தில்தான் அதிகம் வீசுகிறது, கோடை என்றால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

சாட்ஸ்வொர்த், நூலகர்:

பெர்க் விண்டைத் தனி மடலாகப் போடுங்கள், இல்லையென்றால் டீச்சரின் வெள்ளிக்கிழமை போய்விடும்.

ஐயாவின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் 1984இல் போபாலில் நடந்ததைத் தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் விஷவாயுக் கசிவு என்றுதான் எழுதுகின்றன. எரிவாயுக் கசிவு என்று சிலிண்டர் வாங்குகிற எல்லோரும் சொல்கிறார்கள். கேள்வித்தாள் கசிகிறது, செய்தி கசிகிறது, அதிலெல்லாம் ஈரம் எங்கே இருக்கிறது? சொல்லின் வேர் ஈரமாக இருக்கலாம், சொல் எப்போதோ காய்ந்து வெளியே வந்துவிட்டது. இன்னும் ஒன்று. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவதில்லை. வகுப்பில் பொறுக்கிச் சேர்க்கிற ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்கு வேறு எங்காவது மறுபடி கண்ணில் பட வேண்டும், இல்லையென்றால் மறந்துபோவார்கள். கசிவு என்ற சொல்லை அவன் நாளை எந்தத் தமிழ்ச் செய்தியிலும் பார்ப்பான். நுழைகாற்றை இந்தக் குழுவைத் தவிர எங்கே பார்ப்பான்?

அதற்கும் மனம் இல்லையென்றால் “ஏர் லீக்” என்றே விடுங்கள். வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு ஏற்ப ஆக்கி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே எச்சவியலில் இடம் கொடுத்திருக்கிறார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

எச்சவியல் வடசொல்லுக்குக் கொடுத்த இடத்தை எல்லா மொழிக்கும் பட்டா எழுதிக் கொடுத்ததாகக் கொள்ளக்கூடாது. அங்கேயும் வடவெழுத்தை நீக்கி என்றுதான் நிபந்தனை. ‘லீக்’ என்று மொழி முதலில் லகரம் வைக்கிறீர்கள். தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது உங்களுக்குத் தெரியாததா?

சென்ட் ஆந்த்ரே, ரெயூனியன்:

நாங்கள் இங்கே பிரெஞ்சு வழியாகத்தான் இந்த வேலை எல்லாம் கற்றோம். பட்டறையில் ‘பிரீஸ் தேர்’ என்பார்கள். எஞ்சின் எங்கேயோ காற்றைப் பிடித்துக்கொள்கிறது என்ற மாதிரி. ஜெர்மன்காரர்கள் ‘ஃபால்ஷ்லுஃப்ட்’ என்கிறார்கள், பொய்க்காற்று. இரண்டிலும் கசிவு என்ற எண்ணமே கிடையாது. ஐயா சொல்கிற பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் நுழைகாற்று போதாது, ஏனென்றால் கார்புரேட்டர் வழியாக வருவதும் நுழைகிற காற்றுதானே. அது கணக்குக்கு உட்பட்டு வருகிறது, அதற்கு ஏற்ற பெட்ரோலைக் கார்புரேட்டர் கொடுக்கிறது. கார்புரேட்டரைத் தாண்டி வெடிப்பு வழியாக வருவது கணக்கில் வராதது, அதற்குப் பெட்ரோல் கிடைப்பதில்லை, அதனால்தான் கலவை மெலிகிறது. பழுதின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கள்ளச்சாவி, கள்ள நோட்டு, கள்ள ஓட்டு என்று தமிழில் இருக்கும்போது கள்ளக்காற்று என்றால் என்ன? கேட்டவுடன் யாருக்கும் புரியும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

அருமை, அம்மா. கள்ளம் + காற்று, மகரம் கெட்டு வல்லினம் மிக்கது, புணர்ச்சியிலும் குறையில்லை. என் நுழைகாற்றை உங்களுக்காக விட்டுக்கொடுக்கிறேன்.

ஸ்டேங்கர்:

எனக்கு இது பிடிக்கவில்லை. இலங்கையில் மலையகத் தமிழர்களைக் கள்ளத்தோணி என்று இழித்துப் பேசினார்கள். அவர்களும் நம்மைப் போலக் கூலிக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள். 1860இல் டர்பனில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கள்ள என்ற முன்னொட்டைப் பாடமாகக் கொடுப்பதில் எனக்கு மனமில்லை. அதோடு பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கள்ள என்றால் சினிமாச் செய்தியில் வருகிற சொல்தான் முதலில் ஞாபகம் வரும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

தம்பி, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, அதைத் தள்ளிவிடவில்லை. ஆனால் மறைவாகச் செய்வது எல்லாம் இழிவு என்று நம் இலக்கணம் நினைக்கவில்லை. களவு, கற்பு என்று அகத்தை இரண்டாகப் பிரித்தபோது களவை முதலில் வைத்தார்கள். யாரும் அறியாமல் தலைவனும் தலைவியும் கூடுவதுதான் களவு, அதைப் பிழை என்று சொன்னவர் எவர்? பொருளைத் திருடுவதும் களவு, மனத்தால் கூடுவதும் களவு, அந்தச் சொல்லுக்குள் பழி மட்டும் இல்லை.

லெனேசியா, மெக்கானிக்:

எல்லோரும் மன்னிக்க வேண்டும், ஒரு விஷயம் விட்டுப்போகிறது. நான்கடி எஞ்சினாக இருந்தால் நீங்கள் பேசுவது முழுக்கச் சரி, மேனிஃபோல்டில் உறிஞ்சல்தான் இருக்கும். ஈரடி அப்படி இல்லை. பிஸ்டன் மேலே போகும்போது அதற்கு அடியில் இருக்கிற கிராங்க் கேஸ் உறிஞ்சும், கீழே வரும்போது அமுக்கும். ஃப்ளைவீல் பக்கத்து சீல் போயிருந்தால் ஒரு பாதியில் வெளிக்காற்று உள்ளே வருகிறது, மறு பாதியில் பெட்ரோலும் எண்ணெயும் கலந்த ஆவியை வெளியே தள்ளுகிறது. அந்தப் பக்கத்து மேக்னட்டோ மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு விசிறல் படிந்திருக்கும், தூசி அதில் ஒட்டிக் களிம்பு மாதிரி ஆகியிருக்கும். நாங்கள் பல நேரம் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். அது அசல் கசிவு, ஐயா கேட்ட ஈரமும் அதில் இருக்கிறது. காற்று ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுகிறபோதும் நாம் தேடுவது வெளியே வருகிற காற்றைத்தான்.

கிளட்ச் பக்கத்து சீல் போனால் இன்னும் வேறு. அங்கே கியர் எண்ணெயை எஞ்சின் உள்ளே இழுத்து எரிக்கும், புகை கூடும், பிளக் ஈரமாகும், கியர் எண்ணெய் அளவு இறங்கிக்கொண்டே போகும், ஆனால் தரையில் ஒரு சொட்டும் இருக்காது. உள்ளே போனாலும் அதை எண்ணெய்க் கசிவு என்றுதானே சொல்வீர்கள்? சீலைத் தாண்டிப் போகக்கூடாதது போகிறது, எந்தப் பக்கம் போனால் என்ன. கசிவு போதும் என்பது என் கட்சி. கள்ளக்காற்று எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அது வருகிற பாதியை மட்டும் சொல்கிறது.

டொங்காட், ஆசிரியை:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் கசிவுக்குத்தான் கூட ஆதரவு. தாளில் “காற்றுக் கசிவு” என்று போடுகிறேன், முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் “கார்புரேட்டரைத் தாண்டி வெளிக்காற்று உள்ளே புகும் கசிவு” என்று விரித்து எழுதுகிறேன். நான் எல்லா மடலையும் வாசித்துக் காட்டியதும் பையன் தன் கட்டுரையில் ஏர் லீக்கை அடித்துவிட்டுக் கள்ளக்காற்று என்று எழுதிக்கொண்டான். ஸ்டேங்கர் ஐயா சொன்னதையும் அவனுக்குச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, தன் கட்டுரையில் அப்படியே இருக்கட்டும் என்றான். அதை நான் திருத்தவில்லை.

வண்டியைப் பற்றி: ரப்பரில் கிளாம்புக்கு அடியில் ஒரு வெடிப்பு. சும்மா பார்த்தால் தெரியவில்லை, கழற்றிக் கையால் வளைத்தபோது நகம் நுழையும் அளவு வாய் திறந்தது. புது ரப்பரும் அடுத்த அளவு ஜெட்டும் சொல்லிவைத்திருக்கிறார்கள். அது வரும்வரை வண்டி கொட்டகையில் நிற்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். மெக்கானிக் தம்பி சொன்ன எண்ணெய் விசிறல் கசிவு, ஒப்புக்கொள்கிறேன். வெடித்த ரப்பர் வழியாக வந்தது கசிவு இல்லை. அதோடு உங்கள் தாளின் வரைவில் ஆயில் சீலுக்கு “எண்ணெய் முத்திரை” என்று இருக்கிறதே, அதை எப்படியாவது எடுத்துவிடுங்கள். முத்திரை குத்துவதற்கும் தண்டைச் சுற்றி அடைப்பதற்கும் என்ன தொடர்பு? “தண்டடைப்பு” என்று போடலாம்.

லெனேசியா, மெக்கானிக்:

ஐயா, ஆயில் சீல் என்று கேட்டால்தான் கடையில் கொடுப்பார்கள்.